உயரமானி 214 மீட்டர் காட்டுகிறது: 120-க்குள் கிளைடர் ஓட்டுபவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பால்சாச்சிறகு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது 2 மீட்டர் இறக்கை உள்ள, ரேடியோவில் ஓட்டும் மின்மோட்டார் மாதிரிக் கிளைடர். பால்சா மரத்தை நானே வெட்டி, ஒட்டி, தேய்த்துக் கட்டியது. எடை 1,150 கிராம். இறக்கையில் எய்லரானுக்கு (விமானத்தைச் சாய்க்கும் பின்விளிம்புப் பலகை) மட்டும் இரண்டு சர்வோ (அதை அசைக்கும் சின்ன மோட்டார்), ஃபிளாப் (பிரேக் போல இறக்கும் பலகை) கிடையாது. நான் பறக்கவிடும் இடத்தில் வரம்பு தரையிலிருந்து 120 மீட்டர். ஏழு வருடமாக அதற்குள்தான் ஓட்டுகிறேன் என்று முழுமனதாக நம்பியிருந்தேன். புதிதாக வருபவர்களுக்கும், "நூறு மீட்டரைத் தாண்டாமல் ஓட்டிப் பழகுங்கள், என்னைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் ரிசீவரில் செருகும் சின்ன உயரமானி ஒன்றைப் பொருத்தினேன். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் வகை. முதல் நாள் ஐந்து முறை ஏற்றி இறக்கினேன். இரவு பதிவைத் திறந்தால் ஐந்து முறைக்கும் உச்சம் இப்படி: 187, 165, 214, 198, 142. ஒன்றுகூட 120-க்குள் இல்லை. கருவியில்தான் கோளாறு என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறினேன். மாடிக்கு மூன்று மீட்டர் வீதம் பிசகாமல் கூட்டிக்கொண்டே வந்தது. கருவி சரியாகத்தான் இருக்கிறது.

அந்த 214 மீட்டர் ஏறிய நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விமானம் நேர் தலைக்கு மேலே, முழு நிலா அளவுக்குத் தெரிந்தது. எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. ரொம்பப் பக்கத்தில் இருப்பதாகத்தான் தோன்றியது. அத்தனை நாளும் நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று தெரிந்தபோது உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது.

அதற்குப் பிறகு மூன்று முறை போய் 120-க்குள் கட்டுப்படுத்தி ஓட்டிப் பார்த்தேன். மோட்டாரில் 90 மீட்டர் ஏற்றி நிறுத்தினால் இரண்டரை நிமிடத்தில் தரைக்கு வந்துவிடுகிறது. தெர்மல், அதாவது மேலே ஏறும் சூடான காற்று, கிடைத்தாலோ, சந்தோஷப்படுவதற்குள் டிரான்ஸ்மிட்டரில் எச்சரிக்கை ஒலி வந்துவிடுகிறது. ஒரு தடவை 130 என்று கேட்டதும் பயந்துபோய் மூக்கைக் கீழே தள்ளினேன். வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். இறக்கிப் பார்த்தால் இடது எய்லரான் கீல் பாதி கிழிந்திருந்தது.

கண்ணால் உயரத்தை எப்படிக் கணிப்பது? உடைக்காமல் எப்படி இறக்குவது? 120 மீட்டருக்குள் கிளைடர் ஓட்டுவதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை வேறு வகை விமானத்துக்கு மாறிவிட வேண்டியதுதானா? இந்த மூன்றும்தான் என் கேள்வி.


சரிவுக்காற்று எழுதியது:

தம்பி, ஐந்து எண்ணையும் மறைக்காமல் போட்டதற்கு முதலில் நன்றி. உயரமானி இல்லாமல் ஓட்டும் பெரும்பாலோரின் நிலைமை இதுதான். நானும் இருபது வருடம் கழித்துத்தான் கருவி பொருத்தினேன். என்னுடைய முதல் பதிவு உங்களுடையதை விட மோசம். அதனால் வேறு விமானத்துக்கு மாறும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நிதானமாகப் பேசுவோம்.

கண்ணைப் பற்றி. வானத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட மரமோ கம்பமோ கிடையாது. விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து மனது உயரத்தை முடிவு செய்கிறது. நீங்கள் நிலா என்று எழுதியிருப்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். எந்தப் பொருளும் அதன் அகலத்தைப் போல் சுமார் 110 மடங்கு தூரத்தில் இருந்தால் முழு நிலா அகலத்துக்குத் தெரியும். உங்கள் இறக்கை 2 மீட்டர். 110-ஆல் பெருக்கினால் 220 மீட்டர். உங்கள் பதிவில் 214. பாருங்கள், உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அதை மீட்டராக மாற்றும் கணக்குதான் உங்களிடம் இல்லை.

120 மீட்டரில் அதே இறக்கை ஏறக்குறைய இரண்டு நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலத்துக்குத் தெரிய வேண்டும். கையை முழுதாக நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம்தான் 120 மீட்டரில் 2 மீட்டர் இறக்கை. தலைக்கு மேலே வரும்போது நகம் இறக்கையை முழுக்க மறைத்து இரண்டு பக்கமும் மிச்சம் இருந்தால், நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். 1 மீட்டர் இறக்கை உள்ள சின்ன விமானம் வைத்திருப்பவருக்கு அதே 120 மீட்டரில் பாதி நகம்தான். ஒருவர் விமானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இன்னொருவர் விமானத்தின் உயரத்தைச் சொல்லக் கூடாது என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

ஆனால் இது தலைக்கு நேர் மேலே இருக்கும்போது மட்டும். 200 மீட்டர் தள்ளி, 120 மீட்டர் உயரத்தில் விமானம் போனால் உங்களிடமிருந்து நேர்த்தூரம் 233 மீட்டர். நிலாவை விடச் சிறிதாகத் தெரியும், ஆனால் உயரம் வரம்புக்குள் இருக்கும். கண் தூரத்தைத்தான் பார்க்கிறது, உயரத்தை இல்லை. ஒரு நண்பர் கூட வந்தால் இப்படிச் செய்து பாருங்கள்: அவர் உங்களிடமிருந்து 120 மீட்டர் எட்டி வைத்து நிற்கட்டும். பள்ளிக்கூடப் பாகைமானியில் நூலும் நட்டும் கட்டிக் கொடுத்துவிடுங்கள். விமானம் உங்கள் தலைக்கு நேர் மேலே வரும்போது அவருக்கு 45 டிகிரிக்கு மேலே தெரிந்தால் 120-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அரை நாள் இப்படிப் பழகினால் கண்ணுக்கு ஒரு அளவுகோல் வந்துவிடும்.

என்றாலும் நான் கண்ணை நம்பி ஓட்டுவதில்லை. டிரான்ஸ்மிட்டர்தான் பேசுகிறது. எட்ஜ்டிஎக்ஸ் மாதிரி மென்பொருள் உள்ள டிரான்ஸ்மிட்டர் என்றால் குறிப்பிட்ட உயரம் வந்ததும் தானே இயங்கும் லாஜிக்கல் சுவிட்ச் அமைக்கலாம். என்னுடையது 80-இல் ஒரு சின்ன ஒலி, 100-இல் "நூறு" என்று குரல், 110-இல் நிற்காத ஒலி. நீங்கள் 120-இல் வைத்திருப்பீர்கள் போல. அது ரொம்பத் தாமதம். நல்ல தெர்மல் வினாடிக்கு 3 மீட்டர் தூக்கும். 100-லிருந்து 120 போக ஏழு வினாடிகூட ஆகாது. எச்சரிக்கை கேட்டு, புரிந்து, விமானத்தைத் திருப்புவதற்குள் அந்த ஏழு வினாடி போய்விடும். என் கணக்கில் உச்சி என்பது 100. அதற்கு மேலே உள்ள 20 மீட்டர் தவறு நடந்தால் சமாளிப்பதற்கு.

அடுத்து இறக்குவது. மூக்கைத் தள்ளியதும் கேட்ட அந்த ரீங்காரம் ஃபிளட்டர். வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் எய்லரான் தானே படபடக்க ஆரம்பிக்கும். கீல் கிழிந்ததோடு விட்டது உங்கள் அதிர்ஷ்டம், இறக்கையே பிய்ந்து போயிருக்கலாம். கீலை மாற்றும்போது சர்வோக் கம்பியில் ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். சர்வோக் கையிலோ ஹார்னிலோ (எய்லரானில் கம்பி மாட்டும் பிடி) துளை பெரிதாகி இருந்தால் அங்கேதான் ஃபிளட்டர் பிறக்கிறது.

எச்சரிக்கை கேட்டால் கீழே தள்ளாதீர்கள். பக்கவாட்டில் போங்கள். தெர்மலைச் சுற்றி எப்போதும் இறங்கும் காற்று இருக்கும். மேலே போகும் காற்றுக்கு ஈடாக எங்கேயோ காற்று இறங்கித்தானே ஆக வேண்டும். சுற்றுவதை நிறுத்தி, நேராக, காற்று வரும் திசையில் முப்பது நாற்பது மீட்டர் போனாலே பெரும்பாலும் அது உங்களை இறக்கிவிடும். அதுவும் போதவில்லை என்றால் இரண்டு எய்லரானையும் ஒரே நேரத்தில் மேலே தூக்குகிற மாதிரி ஒரு சுவிட்சில் கலவை வையுங்கள். ஃபிளாப் இருந்தால் அதைக் கீழே இறக்கி, எய்லரானை மேலே தூக்கி, நன்றாகப் பிரேக் பிடிக்கலாம். உங்களிடம் ஃபிளாப் இல்லாததால் இது பாதிப் பிரேக்தான், ஆனால் வேகம் கூடாமல் இறங்க அது போதும். முதலில் 5 மில்லிமீட்டர் மட்டும் தூக்கி 80 மீட்டரில் சோதித்துப் பாருங்கள். மூக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்று கவனித்து எலிவேட்டரில் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) ஈடு கட்டுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

120-க்குள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். எஃப்5ஜே என்ற மின்கிளைடர் போட்டியைப் பாருங்கள். மோட்டாரை அதிகபட்சம் 30 வினாடி ஓட்டலாம். நிறுத்தி அடுத்த 10 வினாடிக்குள் தொட்ட உச்சத்தை உயரமானி பதிவு செய்யும். 200 மீட்டர் வரை மீட்டருக்கு அரைப் புள்ளி கழிப்பார்கள், அதற்கு மேலே மீட்டருக்கு 3 புள்ளி. பத்து நிமிடம் பறக்க வேண்டும். அதனால் திறமைசாலிகள் எவ்வளவு தாழ்வாக மோட்டாரை நிறுத்த முடியும் என்று பார்க்கிறார்கள். 50, 60 மீட்டரில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதற்குப் பிறகு தெர்மலில் 120-ஐத் தாண்டி ஏறிப் போவார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைச் சம்பாதித்துக் கொடுப்பது முதல் 60 மீட்டரில் காற்றைப் படிக்கும் வித்தைதான். நீங்கள் ஏழு வருடமாக 200 மீட்டரில் ஓட்டியதால் அதைப் பழக வாய்ப்பே வந்திருக்காது.

தாழ்வாக இருக்கும்போது தெர்மல் ஒல்லியாக இருக்கும், உடைந்து உடைந்து வரும். 200 மீட்டரில் ஓட்டும் சோம்பல் வட்டம் இங்கே உதவாது. விமானம் வினாடிக்கு 8 மீட்டர் போகிறது என்றால், 30 டிகிரி சாய்த்துச் சுற்றினால் வட்டத்தின் ஆரம் 11 மீட்டர். 45 டிகிரி சாய்த்தால் ஆறரை மீட்டர். அந்த வித்தியாசத்தில்தான் தெர்மலுக்குள் இருப்பதும் வெளியே விழுவதும் இருக்கிறது.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மோட்டாரை 70-இல் நிறுத்திவிட்டேன். இரண்டு நிமிடம் ஒன்றும் கிடைக்காமல் 28 மீட்டருக்கு வந்துவிட்டது. இறக்கத் தயாராகி ஸ்டிக்கை நேராக வைத்திருந்தேன். இடது இறக்கை நுனி மட்டும், யாரோ விரலால் கீழேயிருந்து தட்டியது போல, ஒரு சின்னத் துள்ளல். அதே நேரம் என் பின்கழுத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று நின்றுபோனது. தூக்கிய இறக்கையின் பக்கமே திருப்பினேன். நன்றாகச் சாய்த்து, எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சுற்றினேன். நாற்பது வினாடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 28, 27, 29, 28 என்று டிரான்ஸ்மிட்டர் சொல்லிக்கொண்டே இருந்தது. வட்டத்தில் எந்தப் பக்கம் போகும்போது வேரியோ (ஏறுவதையும் இறங்குவதையும் ஒலியால் சொல்வது) சத்தம் கொஞ்சம் உயர்கிறதோ அந்தப் பக்கமாக ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மீட்டர் நகர்த்தினேன். அப்புறம் 31. அப்புறம் 36. 100 வந்ததும் நானே வெளியே வந்து, காற்று வரும் திசையில் முன்னேறி அடுத்ததைத் தேடினேன். அன்றைக்கு 22 நிமிடம். 300 மீட்டரில் ஒரு மணி நேரம் மிதந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, இந்த 22 நிமிடம் மறக்கவில்லை.

இதைச் சொன்னதால் வரம்பு மிகச் சரி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 120 மீட்டர் என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. ஆள் ஏறிய விமானங்கள் ஊர்களுக்கு வெளியே பொதுவாக 500 அடிக்கு, அதாவது 150 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. கீழே நமக்கு 400 அடி, இடையில் 100 அடி இடைவெளி. நல்ல ஏற்பாடுதான். இந்தியாவின் 2021 டிரோன் விதிகளிலும், முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடிதான், விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி. அமெரிக்காவில் 1981-இல் வந்த சுற்றறிக்கையில் 400 அடி ஒரு ஆலோசனையாகத்தான் இருந்தது. 2018 சட்டம்தான், கட்டுப்பாடு இல்லாத வான்வெளியிலும் பொழுதுபோக்கு விமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இடையில் வந்தது டிரோன். தானே நிற்கும், தானே திரும்பி வரும், கண்ணுக்குத் தெரியாத தூரம் போகும் கருவிக்கு வைத்த எண்ணை, கண் பார்வையில் மட்டுமே ஓட்டக்கூடிய, காற்று தூக்கினால்தான் உயிர் வாழும் கிளைடருக்கும் வைத்திருக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதற்கு வழி வரம்பை மீறுவது கிடையாது, சங்கம் மூலமாக அனுமதி கேட்பது. ஐரோப்பிய விதியில் 16-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது, மாதிரி விமானச் சங்கங்கள் தனி அனுமதி வாங்கலாம். அனுமதி கேட்கப் போகும்போது கையில் உங்கள் மாதிரி பதிவுகள் இருந்தால் பேச்சுக்கு எடை கூடும்.

மலைச்சரிவில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரமானி நீங்கள் நிற்கும் இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். சரிவிலிருந்து வெளியே போன விமானம் உங்கள் கண் மட்டத்தில் இருந்தாலும், கீழே பள்ளத்தாக்கு 150 மீட்டர் இறங்கியிருந்தால் தரையிலிருந்து அதன் உயரம் 150. கருவி பூஜ்யம் காட்டும், விதிப்படி மீறல். ஐரோப்பாவில் இதை உணர்ந்து, 10 கிலோவுக்குக் குறைந்த கிளைடர்கள் தரையிலிருந்து 120-ஐத் தாண்டலாம், ஓட்டுபவருக்கு மேலே 120-ஐத் தாண்டக் கூடாது என்று விலக்கு கொடுத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதிய வரி அது. மற்ற இடங்களில் உங்கள் விதியில் "தரையிலிருந்து" என்பது எந்தத் தரை என்று படித்துப் பார்த்துவிட்டுச் சரிவுக்குப் போங்கள்.


தலைகீழ் எழுதியது:

அண்ணன் சொன்னதோடு ஏரோபேட்டிக்ஸ் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நான் ஓட்டுவது எஃப்3ஏ என்ற வான்வித்தைப் போட்டி வகை, 2 மீட்டர் இறக்கை, 5 கிலோவுக்குள். இதில் வித்தை காட்டும் பெட்டி என்று ஒன்று உண்டு. சுமார் 150 மீட்டர் தள்ளி, மேலே 60 டிகிரி வரை. கணக்குப் போட்டால் பெட்டியின் உச்சி 260 மீட்டர். 120-க்குள் அதே 60 டிகிரிக் கோணத்தில் ஓட்ட வேண்டுமானால் விமானத்தை 70 மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். 5 கிலோ விமானம் அந்த வேகத்தில் 70 மீட்டரில் போவதும் 150 மீட்டரில் போவதும் ஒன்றில்லை. உயரத்தைக் குறைக்கும் விதி விமானத்தை ஆட்களுக்குப் பக்கத்தில் தள்ளுகிறது. இது யாரும் பேசாத விஷயம் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று, சாதாரண ஸ்போர்ட் விமானம் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். மணிக்கு 180 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 50 மீட்டரில் போகும் விமானத்தை நேர் மேலே இழுத்தால், மோட்டாரை நிறுத்திவிட்டாலும் அந்த வேகம் மட்டுமே 127 மீட்டர் தூக்கும். காற்றின் எதிர்ப்பில் அது குறையும், மோட்டாரும் ஓடினால் கூடும். தரையை ஒட்டி வந்து ஒரே இழுப்பு, வரம்பு முடிந்தது. நான் இப்போது பயிற்சிக்குச் சின்ன விமானம் வைத்திருக்கிறேன். 1 மீட்டர் இறக்கை, மெதுவான வேகம். எல்லா உருவங்களும் பாதி அளவில் 100 மீட்டருக்குள் அடங்குகின்றன. பெரியதைச் சங்க அனுமதி உள்ள இடத்தில் மட்டும் எடுக்கிறேன்.


சுழல்விசிறி எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். வேலைக்கு ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன், விடுமுறையில் கிளைடர்.

150 மீட்டருக்கு மேலேதான் விமானங்கள் இருக்கும் என்று நினைத்து நிம்மதியாக இருக்காதீர்கள். நோயாளியை ஏற்ற வயலில் இறங்குவோம். மின்கம்பி பார்க்கும் வேலையில் நாள் முழுக்க 50, 60 மீட்டரில் இருப்போம். பயிருக்கு மருந்து அடிக்கும் விமானம் இன்னும் தாழ்வாக வரும். நான் வினாடிக்கு 60 மீட்டரில் வருகிறேன் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி உங்கள் கிளைடர் இருந்தால், அதை அடைய எனக்குப் பதினேழு வினாடி. முன்னாலிருந்து பார்த்தால் உங்கள் இறக்கையின் தடிமன் இரண்டு சென்டிமீட்டர். வெள்ளை நிறம், பின்னால் மங்கலான வெள்ளை வானம். எனக்குத் தெரியாது. நான் பார்த்து விலகுவேன் என்று நம்பவே நம்பாதீர்கள்.

ஆனால் நான் வருவது உங்களுக்குக் கேட்கும். சத்தம் கேட்டதும் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்காமல் உடனே இறங்க ஆரம்பியுங்கள், எதிர்த் திசையில் விலகுங்கள், அப்புறம் தேடலாம். கூட ஒருவர் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் இன்னும் நல்லது. இறக்கையின் அடியில் கறுப்பு அல்லது அடர்சிவப்பில் அகலமான பட்டை ஒட்டுங்கள். அது என்னை விட உங்களுக்குத்தான் அதிகம் உதவும்.


பால்சாச்சிறகு எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. சரிவுக்காற்று அண்ணா, ஒரு சந்தேகம். எச்சரிக்கையை 80, 100, 110 என்று மாற்றிவிட்டேன். ஆனால் நேற்று தரையில் இறக்கிய பிறகு டிரான்ஸ்மிட்டர் மைனஸ் 9 என்று காட்டியது. வேகமாகப் போகும்போது உயரம் திடீரென்று குறைவது போலவும் காட்டுகிறது. கருவியை எவ்வளவு நம்பலாம்?


சரிவுக்காற்று எழுதியது:

நல்ல கவனிப்பு. இரண்டும் வேறு வேறு காரணம்.

பேட்டரி செருகியபோது இருந்த காற்றழுத்தத்தைத்தான் கருவி பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. தரைக்கு அருகில் சுமார் எட்டு மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறையும். 120 மீட்டருக்கு மொத்தமே 14 ஹெக்டோபாஸ்கல்தான். பகலில் வானிலையால் அழுத்தம் ஒன்று மாறினாலே எட்டு மீட்டர் பிசகு. பேட்டரியைக் கழற்றாமல் ரொம்ப நேரம் வைத்திருந்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் பூஜ்யம் ஆக்குங்கள், இறங்கியதும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 9 என்றால் கடைசியில் மேலே காட்டியதை விட 9 மீட்டர் அதிகமாக இருந்திருக்கிறீர்கள்.

வேகத்தில் குறைவது வேறு. உங்கள் விமானத்தின் மூக்கில் மோட்டார் குளிர்வதற்குத் துளை இருக்கிறதா? காற்று அதில் வேகமாக நுழைந்து வெளியேற வழி இல்லாமல் உடலுக்குள் அமுங்குகிறது. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அந்த அமுக்கம் முழுவதும் சேர்ந்தால் உயரம் 11 மீட்டர் குறைவாகக் காட்டும். 25 மீட்டர் வேகத்தில் முப்பது மீட்டர் வரை பிசகலாம். முன்துளையை அடைக்காதீர்கள், மோட்டார் சூடாகிவிடும். பின்னால் வெளியேறும் துளையை முன்துளையை விட அகலமாக்குங்கள். உயரமானியைத் துளைக்குப் பக்கத்திலிருந்து பின்னால் நகர்த்தி, மெல்லிய பஞ்சில் சுற்றி வையுங்கள். வெயில் நேராகப் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சூடு. கருவியின் கணக்கு 15 டிகிரி வெப்பத்தை வைத்து இருந்தால், 35 டிகிரி நாளில் அது காட்டும் 112-தான் உண்மையான 120. என் உச்சி 100 என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.


பால்சாச்சிறகு எழுதியது:

நீங்கள் சொன்னபடி செய்து பார்த்த பதிவைப் போடுகிறேன். பின்துளையை இரண்டு மடங்கு அகலமாக்கினேன், உயரமானியைப் பஞ்சில் சுற்றி இறக்கைக்கு அடியில் தள்ளினேன், இரண்டு எய்லரான் கீலும் புதிது. அடிப்பக்கம் கறுப்புப் பட்டை ஒட்டியாகிவிட்டது. நண்பர் பாகைமானியோடு நின்றார். என் கண் கணிப்பு அன்று காலை 40 மீட்டர் பிசகியது, மதியத்துக்குள் 15 மீட்டருக்கு வந்தது.

எட்டு முறை பறந்தது. உச்சம்: 124, 109, 103, 106, 98, 111, 104, 101. முதல் முறை மட்டும் தாண்டிவிட்டது. இரண்டு எய்லரானையும் தூக்குவதற்குப் பதிலாகப் பழக்கத்தில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டேன்.

ஏழாவது முறை 41 மீட்டரில் வலது இறக்கை துள்ளியது. உங்கள் 28-ஐ நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே சாய்த்தேன், வழக்கமாகச் சாய்ப்பதை விட இரண்டு மடங்கு. மூன்று சுற்று ஒன்றும் இல்லை. நாலாவது சுற்றில் வேரியோ சத்தம் மாறியது. கை நடுங்கியது. 104 வரை போய் நானே வெளியே வந்தேன். மொத்தம் 11 நிமிடம் 20 வினாடி.

நான் முன்பு சொல்லிக்கொடுத்த இரண்டு பேரையும் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் விமானத்திலும் இதே உயரமானியைப் பொருத்தப் போகிறோம். ஒருவருடையது 1.4 மீட்டர் இறக்கை. 110-ஆல் பெருக்கிப் பார்த்தேன், நிலா அளவுக்குத் தெரிந்தால் 154. அவரும் அதைத்தான் இவ்வளவு நாளும் நூறு மீட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.